விரிப்பின் மறுமுனை

1

வலது கட்டைவிரலின் அடிமூட்டு வலிக்கிறது. பேனாவைச் சும்மா பிடித்திருந்தால் ஒன்றுமில்லை. அழுத்தி எழுதினால் மணிக்கட்டு வரைக்கும் கம்பி இழுப்பதுபோல் இழுக்கிறது. இந்தக் கதையை எழுதுகிறவன் பதினோரு வருடம் சலவை ஆலையில் படுக்கை விரிப்பு உதறியவன். ஈர விரிப்பின் மூலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கவ்விக்கொண்டு ஒரு நாளைக்கு எழுநூறு தடவை உதறினால் யாருக்கும் அந்த மூட்டு தேயும். ஆகவே இதைப் பெரிய துயரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலியைச் சொல்லித் தொடங்கினால் படிக்கிறவர்கள் கொஞ்சம் இரங்குவார்கள், பின்னால் வரப்போகும் அசிங்கம் அந்த இரக்கத்தில் சற்று மங்கும் என்பது அவன் போட்ட திட்டம். அதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு கட்டுரையிலிருந்து. அவனே எழுதியது. தலைப்பு, ‘எறும்புகள் காட்டும் வழி’. அது இல்லாவிட்டால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஒரு பெண்ணின் இடது உள்ளங்கையில் ஊசி ஏறியிருக்கவும் வழியில்லை.

தொடக்கம் மூன்று எழுதிப் பார்த்தான்.

அன்று பிற்பகல் அழுக்கறையில் தனியாக நின்றிருந்த அவள், ஒரு விரிப்பைக் கையில் எடுத்து—

(அடித்துவிட்டான். ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் வரும்.)

நாளைய மனிதன் இயற்கையிடம் பாடம் படிக்கலாமா என்ற கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல, காலங்காலமாக—

(இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்துத்தான் போன தடவை மாட்டிக்கொண்டான்.)

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசை. எதிரில் அவன் மனைவி, அவனுடைய வேலைச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறாள். நாளை காலை பத்து மணிக்கு ஆலையில் விசாரணை.

இது இருக்கட்டும்.

2

விரிப்பு உதறுவது இருவர் வேலை. எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு, ஒரே நொடியில் ஓங்கி உதறவேண்டும். சுருக்கம் போனதும் இஸ்திரி உருளைக்குள் விடவேண்டும். ஒருவர் அரை நொடி முந்தினால் மற்றவருடைய தோள்பட்டை போய்விடும். முதல் மாதம் “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணுவார்கள். அப்புறம் எண்ண மாட்டார்கள். சில வருடம் போனால் எதிரில் இருப்பவரைப் பார்க்கக்கூட வேண்டாம். துணி கைக்கு வந்ததும் கை தானாக எழும்.

அவனுக்கு எதிரில் நின்றவளை ஆலையில் எல்லோருக்கும் அக்கா என்றுதான் தெரியும். ஐம்பத்து நான்கு வயது. அவனுக்கு முன்னாலேயே அங்கே ஒன்பது வருடம் உதறியவள். சாப்பாடு கட்டிவந்த செய்தித்தாளைக்கூட விடாமல் படிப்பவன் என்பதால் அவனுக்கு ‘எழுத்தாளரே’ என்று பட்டம் கட்டியது அவள்தான். கோபம் வந்தால் தம்பி. ரொம்ப கோபம் வந்தால் வாடா போடா.

“என்ன எழுத்தாளரே, இடுப்பு இன்னிக்கும் கதை சொல்லுதா?”

“விடிய விடிய சொல்லுச்சுக்கா.”

“சரி, வாயை மூடிக்கிட்டுப் பிடி. மிச்சக் கதையை நான் கேட்டுக்கிறேன்.”

சொல்லிவிட்டு அரை அடி முன்னால் வந்து நிற்பாள். அப்படி நின்றால் ஈரத் துணியின் பாரம் அவள் பக்கம் சாயும். அவன் கைக்குப் பாதிதான் வரும். உதறின எண்ணிக்கை இருவருக்கும் சேர்த்துத்தான் என்பதால் மேற்பார்வையாளர் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு முழங்கால் மடங்காத நாட்களில் அவன் அரை அடி முன்னால் போவான். இதை அவர்கள் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை.

(கட்டுரையில் இது வரவில்லை. இது ஒரு விஷயம் என்றே அப்போது அவனுக்குப் படவில்லை.)

3

ஆலையின் ஆண்டு மலருக்குத் தொழிலாளர்களும் எழுதலாம் என்று அறிவிப்பு வந்தது. அவன் நூலகத்துக்குப் போய் எறும்புகளைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் எடுத்துவந்து இரண்டு வாரம் படித்தான். பிறகு எழுதினான். அதிலிருந்து ஒரு துண்டை இங்கே வைத்துத்தான் ஆகவேண்டும்:

“எறும்புப் புற்றில் இளையவை உள்ளே இருந்து குஞ்சுகளைப் பேணுகின்றன. மூத்தவை வெளியே சென்று இரை தேடுகின்றன. ஆபத்தெல்லாம் வெளியில்தான். ஆயுளின் பெரும்பகுதியை வாழ்ந்து முடித்ததை முன்னால் அனுப்புவதால் புற்றுக்கு இழப்பு குறைகிறது. யாரும் ஆணையிடுவதில்லை. யாரும் முணுமுணுப்பதும் இல்லை. எத்தனை அழகான ஒழுங்கு! நாளைய மனித சமுதாயமும் இவ்வாறே …”

இதற்கு மேல் எடுத்தெழுதக் கை வரவில்லை. கடைசி வரியில் ‘பொற்காலம்’ வருகிறது. அவ்வளவு சொன்னால் போதும்.*

* அவனுடைய அம்மா கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். ஒரு நடைக்குத் தலையில் பன்னிரண்டு கல். “எறும்பு மாதிரி வேலை செய்யுது பாரு” என்று மேஸ்திரி எல்லார் முன்னாலும் சொல்லுவான். அம்மா அதைக் கேட்டுச் சிரித்ததில்லை. சாயங்காலம் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமலே சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிடுவாள். ஆக, எறும்பு என்பது யார் வாயிலிருந்து வரும், யார் தலையில் விழும் என்று அவனுக்கு ஏழு வயதிலேயே தெரியும். தெரிந்துதான் எழுதினான்.

மலர் வெளிவந்த மறுநாள் மேலாளர் கூப்பிட்டுக் கைகொடுத்தார். வாரம் ஒரு சிந்தனை எழுதுங்கள், அறிவிப்புப் பலகையில் போடலாம் என்றார். அதற்காக மாடியில், பதிவேடுகள் அடுக்கும் அறையில், ஒரு மேசையும் நாற்காலியும் கிடைத்தன. மின்விசிறியும் இருந்தது. பதினோரு வருடம் நின்றே வேலை பார்த்தவன் முதல் நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, திரும்ப உட்கார்ந்து பார்த்தான். கட்டைவிரலுக்கு ஓய்வு கிடைத்தது. விரிப்பு உதறும் மடிப்புப் பகுதியில் அவன் இடத்துக்கு வேறொருவன் வந்தான்.

4

ஆலைக்கு வரும் துணியில் பாதி ஆஸ்பத்திரிகளுடையது. மூட்டையைப் பிரித்துத் தரம்பிரிக்கும் அறைக்கு அழுக்கறை என்று பெயர். ரத்தம், சீழ், மறந்துபோய் விட்ட பஞ்சு, எப்போதாவது ஊசி. எல்லோரும் முகம் சுளிக்கும் அறை என்பதால் முறைவைத்து ஆளுக்கு ஒரு வாரம் போவார்கள். மடிப்பில் இருப்பவர்களை மட்டும் அனுப்புவதில்லை; அவர்கள் கை துணியைக் கண்டால் உதறிவிடும் என்பது பழையவர்களுக்குத் தெரியும்.

மலர் வந்து இரண்டாம் மாதம் புதிய பட்டியல் ஒட்டினார்கள். ஐம்பது வயது தாண்டியவர்கள் எல்லாரும் இனி நிரந்தரமாக அழுக்கறை. பட்டியலின் தலையில் பெரிய எழுத்தில் இரண்டு வரி: ‘மூத்தவை முன்னே செல்கின்றன. யாரும் முணுமுணுப்பதில்லை.’

அவன் மேலாளரிடம் போனான்.

“சார், அக்கா இருபது வருஷமா மடிப்புல இருக்காங்க.”

“அதனாலதாங்க. எதைத் தொடணும், எதைத் தொடக்கூடாதுங்கிறது பெரியவங்களுக்குத்தான் தெரியும். சின்னப் பசங்களை விட்டா ஆபத்து. நீங்க எழுதினதுதானே இது? நான் ஒரு வார்த்தைகூட மாத்தலையே.”

மாற்றவில்லைதான். மேலாளரைக் கெட்டவராக வரைவதற்கு இந்த இடத்தில் நல்ல வசதி இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை, உதட்டோரம் ஒரு சிரிப்பு என்று அவன் மூன்று விதமாக எழுதிப் பார்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. அந்த மனிதர் அறைக்கு யார் வந்தாலும் தேநீர் வரவழைப்பவர். அன்றைக்கும் வரவழைத்தார். அவன் அதைக் குடித்துவிட்டு, கோப்பையை ஓசைப்படாமல் வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அக்கா பலகை முன்னால் நின்று, கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் படித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் தம்பி, உன் எறும்புக்கு முட்டி வலிக்குமா?”

“தெரியலக்கா.”

“வீட்டுக்குப் போனா யாராவது அதுக்குத் தைலம் தேச்சு விடுவாங்களா?”

“அக்கா, நான் சார்கிட்ட பேசுறேன்.”

“பேசிட்டு வர்ற மாதிரி தெரியுதே. மீசையில டீ.”

அவன் துடைத்துக்கொண்டான்.

5

விபத்துப் படிவத்தில் இருப்பது இது:

‘மேற்படி பெண் தொழிலாளர், பாதுகாப்பு விதியை மீறி, பிரிக்கப்படாத விரிப்பைத் தனியாக உதறியதில், உள்ளே இருந்த ஊசி இடது உள்ளங்கையில் குத்தியது.’

முதல் தொடக்கத்தை அவன் எங்கிருந்து எடுத்தான் என்று இப்போது தெரிந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு நான்கு பக்கம் எழுதினான். நன்றாகவே வந்தது. தனிமை, விளக்கின் மஞ்சள் வெளிச்சம், நரைத்த முடி. மனைவியிடம் படிக்கக் கொடுத்தான். அவள் ஊசியை நூலோடு சட்டையில் குத்திவைத்துவிட்டு வாங்கிப் படித்தாள்.

“இதுல நீ எங்க?”

“நான் எதுக்கு? இது அக்கா கதை.”

“விரிப்பைத் தனியா உதற முடியுமா?”

அவன் தாள்களைத் திரும்ப வாங்கக் கை நீட்டினான்.

“நம்ம வீட்டுப் போர்வைக்கே, அடுப்புல வேலையா இருக்கிறவளைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்றவன் நீ. ஒரு ஆளா உதறினா அது தரையைத்தான் பெருக்கும். இத்தனை வருஷம் உதறினவங்களுக்கு அது தெரியாதா?” தாள்களை மேசையில் வைத்தாள். “இன்னொரு முனையை யாரு பிடிச்சா?”

(இங்கே சமையலறைக் குழாய் சொட்டுவதைப் பற்றி ஒரு பத்தி எழுதி, அடித்தான்.)

நடந்தது இது. அக்கா அழுக்கறைக்குப் போன மூன்றாவது வாரம். மாடியில் அவன் தேனீக்களைப் பற்றிச் சிந்தனை எழுதவேண்டும். ஒரு வரியும் வரவில்லை. அக்காவிடம் வாய்கொடுத்தால் ஏதாவது வரும் என்று, சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கிப் போனான். அவள் ஒரு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அழுக்கறையில் துணியை உதறக்கூடாது. விளக்குக்குக் கீழே வைத்து உள்பக்கமாக மெதுவாகச் சுருட்டவேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க அவளுக்கு ஒதுக்கிய பத்து நிமிடத்தில் பாதி, கையெழுத்து வாங்குவதில் போயிருந்தது. கையில் மெல்லிய உறை. தடித்த உறை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது.

“வாங்க எழுத்தாளரே. நாற்காலி விட்டுச்சா உங்களை?”

சொல்லிக்கொண்டே ஒரு விரிப்பின் இரண்டு மூலையைப் பிடித்துத் தூக்கினாள். மற்ற இரண்டு மூலைகள் அவன் பக்கம் சரிந்தன. அவன் கைகள் அவற்றைப் பிடித்தன. யாரும் பிடி என்று சொல்லவில்லை. யாரும் எண்ணவில்லை. இருவரும் ஒரே நொடியில் ஓங்கி உதறினார்கள்.

அவள் சிரித்தாள். பழைய இடத்தில் நிற்பதாகவே அந்த நொடி இருந்தது. பிறகு சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஊசிடா.”

மழை என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். உறைக்குள் ஒரு பொட்டு ரத்தம் பரவியது.

“அக்கா, குழாய்ல காட்டுங்க, நான் போய்—”

“நீ மேல போ.”

“அக்கா.”

“போடா. நீ இங்க இருக்கக்கூடாது. கேட்டா என்ன சொல்லுவ? நாற்காலி போயிடும். போ.”

அவன் போனான்.

(இந்த வாக்கியத்தை ஏழெட்டு விதமாக மாற்றிப் பார்த்தான். ‘கால்கள் நகர மறுத்தன’ என்று ஒன்று. ‘திரும்பித் திரும்பிப் பார்த்தபடி’ என்று ஒன்று. கால்கள் மறுக்கவில்லை. பதினான்கு படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினான். நாற்காலியில் உட்கார்ந்து தேனீயைப் பற்றி நான்கு வரி எழுதினான். அன்றைக்கு வரிகள் வந்தன.)

படிவத்தில் ஏழாவது கட்டம், ‘விபத்தின்போது உடனிருந்தவர்’. அக்கா சொல்லி எழுத்தர் எழுதியது: எவருமில்லை.

6

இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டுரையால் வந்த வினைக்குக் கட்டுரையாகவும் கொஞ்சம் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.

இயற்கையைப் பார்த்து நாம் எப்படி வாழலாம் என்று கேட்பதில் தப்பில்லை. ஆனால் காட்டுக்குள் போனால் வேரோடு வேர் பின்னிக்கிடக்கும் மரங்களும் இருக்கும், அவற்றின் நிழலில் வெளிச்சம் கிடைக்காமல் செத்த கன்றுகளும் இருக்கும். திரும்பி வந்து எதைச் சொல்கிறோம் என்பதில்தான் ஆள் தெரிகிறான். அவன் படித்த அதே புத்தகத்தில் இரண்டு பக்கம் தள்ளி வேறோர் எறும்பு இருந்தது. சண்டையில் காலிழந்த கூட்டாளியைப் புற்றுக்குச் சுமந்து வந்து, புண்ணை நக்கிச் சுத்தம் செய்யும் இனம். அதையும் படித்தான். விட்டுவிட்டான். மேலாளருக்கு அது பிடிக்காது என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. தானாகவே தெரிந்தது. யாரும் ஆணையிடாமலே வரிசையில் நடக்க எறும்பாகப் பிறந்திருக்கவேண்டியதில்லை.

சரி, அந்த எறும்பைப் போட்டிருந்தால் எல்லாம் நேராகியிருக்குமா? அதே பக்கத்தில் இன்னொரு வரியும் இருக்கிறது: காயம் மிக அதிகமானவற்றை அவை சுமப்பதில்லை, கிடந்த இடத்திலேயே விட்டுவிடும். மேலாளர் அந்த வரியைக் கண்டுபிடித்திருப்பார். மேலாளருக்கு நேரமில்லாவிட்டால் அவனே கண்டுபிடித்துக் கொடுத்திருப்பான்.

மூத்த எறும்பு வெளியே போவது உண்மை. அதை அனுப்பிவிட்டு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து பாராட்டி எழுதும் எறும்பு ஒன்றும் அந்தப் புத்தகத்தில் இல்லை. எறும்பு எதற்கும் யாரிடமும் போய்த் தலைகுனிந்து நிற்கவேண்டியதில்லை. அந்தச் சௌகரியத்துக்காகத்தான் அவனுக்கு எறும்பைப் பிடித்திருந்ததோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

நாளைய மனிதர்களுக்கு ஒரு மாதிரி வேண்டுமென்றால், அவனுக்கு எதிரில் ஒரு விரிப்பு நீளத்தில் பதினோரு வருடம் நின்றது. அரை அடி முன்னால் வந்து பாரத்தை வாங்கிக்கொண்டது. அவன் அதை விட்டுவிட்டு நூலகத்துக்குப் போனான்.

7

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். ஒரே அறை, நடுவில் துணித்திரை. ஆறாவது வாரம் ரத்தம் பார்த்ததில் ஒன்றுமில்லை. மூன்றாவது மாதம் இன்னொரு தடவை பார்க்கவேண்டும். தொட்டால் எதுவும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவள் காய்கறி நறுக்குவதை மகளிடம் விட்டுவிட்டாள். பேத்திக்கு நகம் வெட்டிவிடுவதையும் நிறுத்திவிட்டாள். அந்தக் குழந்தை நீண்ட நகத்தால் திரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

ஆலையிலிருந்து வந்த கடிதத்தைக் காட்டினாள். விதியை மீறித் தனியாக உதறியதால் பொறுப்பு அவளுடையதே. திங்கட்கிழமை விசாரணை. அதிலும் அதுவே முடிவானால் வேலை இல்லை, வைத்தியமும் அவள் பாடு. அங்கே ஒருவன் எழுந்து, உதறியது இரண்டு பேர், எங்கள் கைக்கு வேறு எதையும் நீங்கள் சொல்லித்தரவில்லை என்று சொன்னால் விஷயம் வேறு. சொன்னவனுக்கு நாற்காலி போகும். ஒருவேளை வேலையும்.

“நான் வந்து சொல்றேன்க்கா.”

“சொன்னா ரெண்டு பேரு வீட்டுலயும் அடுப்பு அணையும். நீயாவது உள்ள இரு.”

மூத்தது வெளியே, இளையது உள்ளே. அவன் தாளில் எழுதியதை அவள் உண்மையாகவே செய்துகொண்டிருந்தாள். முணுமுணுக்கவும் இல்லை. நாக்கு மட்டும் சும்மா இருக்கவில்லை.

“பலகையில தேனீயைப் பத்தியும் போட்டிருக்கியாமே? உட்கார்ந்து தின்ன ஆம்பளைத் தேனீயைக் கடைசியில என்ன பண்ணுவாங்கன்னு படிச்சுட்டுத்தான் எழுதினியா?”

அவன் சிரித்தான். சிரித்ததும் தெம்பாகத்தான் இருந்தது. பேருந்தில் ஏறியபிறகு தெரிந்தது: அவள் வேண்டாம் என்றபோது அவனுக்குள் ஏதோ ஒன்று இறுக்கம் தளர்ந்து உட்கார்ந்திருந்தது. அதை நிம்மதி என்றுதான் சொல்லவேண்டும். இந்தக் கதையில் அவன் மறைக்க நினைத்தவற்றில் கடைசியானது அதுதான்.

8

முடிவு ஒன்று. பத்து மணிக்கு அவன் விசாரணை அறைக்குள் போய்ச் சொல்கிறான். இதை இரண்டு பக்கம் எழுதினான். வசனம் கூர்மையாக வந்தது, அக்கா கண் கலங்கினாள், மேலாளர் தலைகுனிந்தார். எழுதி முடித்ததும், செய்தே முடித்ததுபோல் நெஞ்சு லேசாகிவிட்டது. அதனால்தான் கிழித்துப்போட்டான்.

முடிவு இரண்டு. பத்து மணிக்கு அவன் மாடியில் இருக்கிறான். மின்விசிறி சுற்றுகிறது. இதை எழுதச் சிரமமே இல்லை. கற்பனையும் தேவைப்படவில்லை.

முடிவு மூன்று: அவள் ரத்தம் நல்லபடியாக

(இல்லை. அது எப்படி வந்தாலும் இந்தக் கணக்கு நேராகாது.)

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை உதறினாள், ஒரு ஆளாக, சட்டைதானே. நாற்காலியின் முதுகில் போட்டாள்.

“நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டுப் போ.”

“எங்க?”

“அதையும் நான்தான் சொல்லணுமா?”

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை எப்போதோ முடிந்திருக்கும். மேலே உள்ளவற்றில் எந்த முடிவு நடந்திருக்கும் என்று, இதுவரை அவனைப் பற்றித் தெரிந்துகொண்டதை வைத்து நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்பது தெரியும். அதற்குத்தான் முகம் சுடுகிறது.

எழுதுகிறவன், எழுதுகிறவன் என்று இவ்வளவு தூரம் ஒளிந்து வந்தது போதும். மறுமுனையைப் பிடித்தது நான். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணி நிலவரப்படி, அக்காவுக்கு நான் தரவேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது: படிவத்தின் ஏழாவது கட்டத்தில், ‘எவருமில்லை’ என்பதை அடித்துவிட்டு எழுதவேண்டிய என் பெயர்.